வீட்டு சர்வர் வைக்கத் துடிக்கும் ஏர்பேடு அன்பர்களுக்கு

முன்பெல்லாம் ஏர்பேடு என்றால் ரேணிகுண்டாவுக்கும் காளத்திக்கும் நடுவே பஸ் கொஞ்சம் நிதானிக்கும் இடம். 2015-இல் தொடங்கிய திருப்பதி ஐஐடியும் ஐசரும் நிரந்தர வளாகத்துக்கு இந்தப் பக்கத்தைத் தேர்ந்தெடுத்த பிறகு மாடிப் போர்ஷன்களுக்கு ஆட்கள் குடிவந்தார்கள். அவர்களோடு ஒரு பழக்கமும் குடிவந்தது. சென்னை ரிச்சி தெருவுக்குப் போய், ஏதோ ஒரு ஐடி கம்பெனி கழித்துக்கட்டிய டெஸ்க்டாப்பைப் பேரம் பேசி வாங்கி, சப்தகிரி எக்ஸ்பிரஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்து, ப்ராக்ஸ்மாக்ஸ் ஏற்றி, அந்த ஒரு பெட்டிக்குள் ஏழெட்டு மெய்நிகர் கணினிகளை (விஎம்) ஓடவிடும் பழக்கம். இதற்கு மருந்து இல்லை. வழிகாட்டிதான் உண்டு.

இந்தப் பெட்டி எதற்கு என்று வீட்டில் யாராவது கேட்பதற்குள் பதிலைத் தயார் செய்துகொள்ளுங்கள். “குழந்தைகள் போட்டோவெல்லாம் பத்திரமாக இருக்கும்” என்பது இதுவரை தோற்காத பதில். உள்ளே உண்மையில் ஓடப்போவது வேறு. விளம்பரத்தைத் தடுக்க ஒரு விஎம், சினிமா சேர்த்துவைக்க ஒன்று, மாடிப்படி விளக்கை போனிலிருந்து அணைக்க ஒன்று (சுவிட்ச் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது), இவையெல்லாம் ஓடுகின்றனவா என்று கண்காணிக்க ஒன்று, கண்காணித்ததை வண்ண வண்ணக் கோடுகளாக வரைந்து காட்ட இன்னொன்று. போட்டோவுக்கு இடமிருந்தால் பார்க்கலாம்.

அடுத்தது ஃபைல் சிஸ்டம் ஆராய்ச்சி. இதற்கு ஒரு கோடைகாலத்தை முழுசாக ஒதுக்குங்கள். டிஸ்க் மட்டும் வாங்கிவிடாதீர்கள்; வாங்கினால் ஆராய்ச்சி முடிந்துபோகும் அபாயம் இருக்கிறது. எக்ஸ்ட்4 பழசு, எக்ஸ்எஃப்எஸ் பெருசு, இசட்எஃப்எஸ் ரேம் தின்னும், பிடிஆர்எஃப்எஸ் நம்ப முடியாது என்று நான்கு வாக்கியங்களை மனப்பாடம் செய்துகொண்டால் எந்தச் சபையிலும் பேசலாம். நான்கிலும் பாதி உண்மை உண்டு என்பதால் யாராலும் மறுக்கவும் முடியாது.

ஆனால் நம் ஊரில் ஃபைல் சிஸ்டத்தைத் தேர்ந்தெடுப்பது நீங்கள் அல்ல, கரண்ட். காளத்திக் கருவறையில் விளக்கு அசைந்தால் வாயுலிங்கத்தின் சாட்சி. உங்கள் ஹாலில் டியூப்லைட் அசைந்தால் அது வோல்டேஜ். “கரண்ட் போயிந்தி” என்று எதிர்வீட்டிலிருந்து குரல் வரும் அந்த நொடியில் உங்கள் டிஸ்க் எழுதிக்கொண்டிருந்த வாக்கியம் பாதியில் நிற்கிறது. மறுபடி வெளிச்சம் வந்ததும் அந்தப் பாதியை என்ன செய்வது என்பதில்தான் ஒவ்வொரு ஃபைல் சிஸ்டத்தின் குணமும் இருக்கிறது. எக்ஸ்ட்4 செய்யப்போவதை முதலில் ஒரு பேரேட்டில் குறித்துவைத்துவிட்டுச் செய்யும். எழுந்ததும் பேரேட்டைப் புரட்டி விட்ட இடத்தைச் சரிசெய்யும். பேரேட்டில் ஏறுவது வழக்கமாகக் கோப்புகளைப் பற்றிய விவரம் மட்டும்தான், கோப்பின் உள்ளடக்கம் அல்ல. இசட்எஃப்எஸ், பிடிஆர்எஃப்எஸ் இரண்டும் பழையதன் மேல் கைவைப்பதே இல்லை. புதியதை வேறிடத்தில் எழுதி முடித்து, எல்லாம் சரி என்றான பிறகே முகவரியை மாற்றும். நடுவில் கரண்ட் போனால் பழைய முகவரி பழையபடி செல்லும்.

இதெல்லாம் டிஸ்க் உண்மை பேசும் வரை. “எழுதிவிட்டாயா?” என்று கேட்டால், எழுதாமலேயே “ஆச்சு” என்று தலையாட்டும் மலிவு எஸ்எஸ்டிகள் சந்தையில் உண்டு. சர்வருக்கென்று செய்த எஸ்எஸ்டிகளுக்குள் சின்னச் சின்ன கெப்பாசிட்டர்கள் வரிசையாக இருக்கும். கரண்ட் போன பிறகும் கையிலிருப்பதை எழுதி முடிக்கும் அளவு சக்தியை அவை பிடித்துவைத்திருக்கும். சாதா எஸ்எஸ்டிகளில் அது கிடையாது. அதனால் உடனே எழுதியாக வேண்டும் என்று தரவுத்தளம் ஒன்று வற்புறுத்தும்போது, டப்பாவில் அச்சடித்த வேகம் எங்கே போனது என்று தேட வேண்டிவரும். ரிச்சி தெருவில் பழைய சர்வர் எஸ்எஸ்டி கிடைத்தால், தேய்மானக் கணக்கைப் பார்த்துவிட்டு, புதிய மலிவு எஸ்எஸ்டியைவிட அதையே வாங்குவேன்.

வேகம் போதவில்லை என்று ப்ராக்ஸ்மாக்ஸில் விஎம் டிஸ்க்கின் கேஷ் அமைப்பைத் திறந்து பார்ப்பீர்கள். அங்கே ரைட்பேக் அன்சேஃப் என்று ஒன்று இருக்கும். தேர்ந்தெடுத்தால் எல்லாம் பறக்கும். ஆபத்து என்று பெயரிலேயே எழுதி ஒட்டியிருக்கிறார்கள். அதற்கு மேல் ஒரு மனிதனுக்கு எப்படிச் சொல்வது?

ஆகவே ஃபைல் சிஸ்டத்துக்கு முன்னால் இன்வெர்ட்டரைப் பாருங்கள். ஹாலின் மூலையில் பேட்டரி மேல் உட்கார்ந்திருக்கிறதே, அதன் முதுகுப் பக்கம் தூசி தட்டிப் பாருங்கள். பல மாடல்களில் விரல்நகம் அளவில் ஒரு சுவிட்ச் இருக்கும்: ஒரு பக்கம் யூபிஎஸ், மறுபக்கம் நார்மல் அல்லது எக்கோ. மாட்டிவிட்டுப் போனவர் எந்தப் பக்கம் தள்ளினாரோ அந்தப் பக்கமே அது காலம் தள்ளிக்கொண்டிருக்கும். எக்கோ பக்கம் இருந்தால் கரண்ட் மாறும் இடைவெளி ஃபேனுக்குத் தெரியாது, கம்ப்யூட்டருக்குத் தெரியும். அது ரீஸ்டார்ட் ஆகிவிடும். யூபிஎஸ் பக்கம் தள்ளுங்கள். இதற்குப் பிறகும் சர்வருக்கென்று யூஎஸ்பி ஒயர் உள்ள சின்ன யூபிஎஸ் ஒன்று தனியாக வேண்டும். பேட்டரி தீரப்போகிறது என்று பெட்டிக்குச் சொல்லி, விஎம்களை ஒவ்வொன்றாக அணைத்துப் பெட்டியையும் படுக்கவைக்கும் வேலையை இன்வெர்ட்டர் செய்யாது.

சரி, இப்போது ஃபைல் சிஸ்டங்களின் ஜாதகம் பார்க்கலாம்.

எக்ஸ்ட்4 2008-இல் லினக்ஸ் கர்னலில் நிலைபெற்றது. அதன் பரம்பரை 1992 வரை போகிறது. அதைப் பற்றிச் சொல்ல சுவாரஸ்யமாக எதுவும் இல்லை, அதுவே அதன் பெருமை. ஒரே டிஸ்க் உள்ளவர், சனிக்கிழமை இரவுகளில் வேறு வேலை உள்ளவர், ப்ராக்ஸ்மாக்ஸ் நிறுவும்போது அது தானாகக் காட்டும் எக்ஸ்ட்4-ஐயும், விஎம்களுக்கு இடம் பிரிக்கும் எல்விஎம் தின்னையும் ஒப்புக்கொண்டு அடுத்த பக்கத்துக்குப் போகலாம். எக்ஸ்எஃப்எஸ் சிலிக்கான் கிராபிக்ஸ் கம்பெனியில் 1990-களில் பிறந்து, 2001-இல் லினக்ஸுக்கு வந்தது. பெரிய கோப்புகளுக்கு நல்லது. ரெட்ஹாட் 2014-இல் தன் ஏழாவது பதிப்பில் அதையே முதல் தேர்வாக்கியது. வளர்க்கலாம், சுருக்க முடியாது. உங்கள் திட்டங்கள் சுருங்கக் கூடியவை என்றால் யோசியுங்கள்.

பிடிஆர்எஃப்எஸ் 2007-இல் ஆரக்கிளில் தொடங்கி 2009-இல் கர்னலுக்குள் வந்தது. ரெட்ஹாட் அதைக் கைகழுவிவிட்டது; அதே வீட்டுப் பிள்ளையான ஃபெடோரா 2020-இல் டெஸ்க்டாப்புக்கு அதையே எடுத்துக்கொண்டது. சம்பந்தி வீட்டார் இப்படி நடந்துகொண்டால் ஊர் பேசும். லேப்டாப்புக்கு நன்றாகவே இருக்கிறது. விஎம் டிஸ்க் போல ஓயாமல் இடையிடையே எழுதப்படும் பெரிய கோப்பை அதில் வைத்தால் துண்டு துண்டாகச் சிதறும். சிதறாமலிருக்க, பழையதன் மேல் கைவைக்காத அந்தக் குணத்தை அணைத்தால், தரவு கெட்டிருக்கிறதா என்று பார்க்கும் செக்சம் சோதனையும் சேர்ந்து அணையும். எதற்காக வந்தோமோ அதையே வாசலில் விட்டுவிட்டு உள்ளே போன கதை. பல டிஸ்க்குகளைச் சேர்த்துக் கட்டும் அதன் ரெய்டு 5, 6 பக்கம் போகாதீர்கள் என்று அதன் ஆவணமே எச்சரிக்கிறது.

இசட்எஃப்எஸ்ஸுக்கு வருவோம். சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 2005-இல் வெளியிட்டது. அதன் உரிமமும் லினக்ஸின் உரிமமும் ஒத்துப்போகாததால் இன்றுவரை கர்னலுக்கு வெளியே திண்ணையில்தான் படுத்திருக்கிறது. 2020 ஜனவரியில் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டார்வால்ட்ஸ் அதைப் பயன்படுத்தாதீர்கள் என்றே சொன்னார். வீட்டு சர்வர்காரர்கள் மரியாதையுடன் கேட்டுக்கொண்டு, தொடர்ந்து பயன்படுத்துகிறார்கள். காரணம் இருக்கிறது. எழுதும் ஒவ்வொரு பிளாக்குக்கும் செக்சம் வைத்து, படிக்கும்போது சரிபார்க்கும். ஜோடி டிஸ்க் இருந்தால், ஒன்றில் கெட்டதை மற்றதிலிருந்து எடுத்துத் தானே திருத்தும். யாருமே திறந்து பார்க்காத கோப்புகளையும் பார்க்கட்டும் என்று ஸ்க்ரப் ஒன்று உண்டு. டெபியனிலும் அதன் மேல் கட்டிய ப்ராக்ஸ்மாக்ஸிலும் மாதத்தின் இரண்டாம் ஞாயிறு அது தானாக ஓடும். அன்று சர்வர் ஏன் உறுமுகிறது என்று கேட்பார்கள். போட்டோவைத் துடைக்கிறது என்று சொல்லுங்கள், பொய்யல்ல.

ரேம் விஷயம். லினக்ஸில் இசட்எஃப்எஸ் வெகுகாலம் பாதி ரேமைத் தன் கேஷுக்கு எடுத்துக்கொள்ளத் தயங்கியதில்லை. 16 ஜிபி பெட்டியில் எட்டு போனால் விஎம்கள் தெருவில் நிற்கும். புதிய ப்ராக்ஸ்மாக்ஸ் நிறுவல்கள் ரேமில் பத்தில் ஒரு பங்கு என்று வரம்பு போட்டுவிடுகின்றன. பழைய நிறுவலை மேம்படுத்திக்கொண்டே வந்தவர் தானே வரம்பு போட வேண்டும். டீடூப் என்ற பெயரில் ஒரு வசதி கண்ணில் படும், ஒரே தரவை இரண்டு முறை சேமிக்காதாம். ரேம் நிறைய உள்ள நண்பர் வீட்டில் போட்டுப் பாருங்கள்.

இன்னும் புதுசாக வேண்டும் என்பவர்களுக்கு பிகேஷ்எஃப்எஸ் இருந்தது. 2024 ஜனவரியில் வெளியான 6.7 கர்னலில் நுழைந்தது, நுழைந்த நாளிலிருந்து சண்டை, அடுத்த ஆண்டே வெளியே அனுப்பினார்கள். வாடகைக்கு விடுபவர்கள் இந்த வரலாற்றைப் படிக்கலாம்.

டிஸ்க் அடுக்கும் கலைதான் இனி. இரண்டு டிஸ்க் வாங்கி மிர்ரர் போடுங்கள். அதற்கு முன்னால் கீழ்க்காணும் உரையாடல் வீட்டில் நடக்கும்.

“ரெண்டு வாங்கிட்டு ஒண்ணோட இடம்தான் கெடைக்குமா? அப்போ இன்னொண்ணு எதுக்கு?”

“ஒண்ணு போச்சுன்னா இன்னொண்ணு இருக்கும்ல.”

“போகாத ஒண்ணா பாத்து வாங்கறதுதானே?”

1988-இல் பெர்க்லியில் பேட்டர்சன், கிப்சன், கேட்ஸ் மூவரும் எழுதிய ரெய்டு கட்டுரையில் மலிவு டிஸ்க்குகள் பலவற்றைச் சேர்த்து விலையுயர்ந்த ஒன்றை மிஞ்சுவது எப்படி என்று இருக்கிறது. இந்தக் கேள்விக்கு விடை இல்லை. போட்டோ என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

மிர்ரரில் பாதி இடம் வீணாகிறதே என்று மூன்று டிஸ்க் வாங்கி இசட்எஃப்எஸ்ஸின் ரெய்டு-இசட்1 போட்டு மூன்றில் இரண்டு பங்கு சம்பாதிக்கலாம் என்ற எண்ணம் உங்களுக்கு வரும். எல்லோருக்கும் வரும். 4 கேபி செக்டர் உள்ள மூன்று டிஸ்க்கில், விஎம் டிஸ்க்கின் பிளாக் பழைய வழக்கப்படி 8 கேபி என்றிருந்தால் கணக்கு இப்படி: தரவுக்கு இரண்டு செக்டர், மீட்புக் கணக்கான பேரிட்டிக்கு ஒன்று, ஆக மூன்று. ஆனால் ரெய்டு-இசட்1 இரட்டைப்படையில்தான் இடம் ஒதுக்கும், எனவே நான்காவதாக ஒரு வெற்றுச் செக்டர். எழுதியது இரண்டு, பிடித்தது நான்கு. மூன்று டிஸ்க்குக்குப் பணம் கொடுத்து மிர்ரரின் பாதியையே பெற்றீர்கள். 16 கேபி ஆக்கினால் கணக்கு நேராகும், புதிய பதிப்புகளில் அதுவே இயல்பு. ஆனாலும் தாறுமாறாகத் தாவித் தாவிப் படிக்கும் விஎம்களுக்கு ரெய்டு-இசட் குழு மொத்தமும் சேர்ந்து ஏறக்குறைய ஒரே டிஸ்க்கின் சுறுசுறுப்பைத்தான் காட்டும். சினிமா சேர்க்க நல்லது. விஎம் ஓட்ட மிர்ரர்தான்.

சாதாரண ஹார்ட் டிஸ்க் தயாரிப்பாளர்கள் விவரப் பட்டியலில் 10-இன் 14-ஆம் அடுக்கு பிட் படித்தால் ஒரு படிக்க முடியாத பிழை வரலாம் என்று போடுகிறார்கள். அது சுமார் 12.5 டிபி. ரெய்டு 5-இல் ஒரு டிஸ்க் செத்து, மிச்சம் எல்லாவற்றையும் ஒரு பிட் விடாமல் படித்துப் புதியதை நிரப்பும்போது இந்த எண் ஞாபகம் வரும். நடைமுறையில் டிஸ்க்குகள் அதைவிட நல்லபிள்ளைகள். பெரிய பெரிய டிஸ்க்குகளை வைத்து அந்த நல்ல குணத்தைச் சோதிக்க வேண்டாம் என்பது என் கட்சி. வாங்கும்போது எஸ்எம்ஆரா சிஎம்ஆரா என்று கேளுங்கள். ஓட்டுக்கூரை போல ஒன்றின் மேல் ஒன்று படிய எழுதும் எஸ்எம்ஆர் டிஸ்க்குகள் மறுநிரப்பலின்போது திணறும். வெஸ்டர்ன் டிஜிட்டலின் ரெட் வரிசையில் சில அளவுகள் சொல்லாமலே எஸ்எம்ஆராக இருந்தது 2020-இல் வெளிவந்து பெரிய ரகளையானது. கடைக்காரர் “ரெண்டும் ஒண்ணுதான் சார்” என்றால் அடுத்த கடை பத்தடி தூரத்தில் இருக்கிறது.

இப்போது கண்ணப்பர். காளத்திநாதரின் ஒரு கண்ணில் ரத்தம் வழிந்ததும் தன் கண்ணைப் பிடுங்கி அப்பினார். நின்றது. மறு கண்ணில் வழிந்தது. அப்போது அவர் செய்த காரியத்தை டிஸ்க் மாற்றும் ஒவ்வொருவரும் நினைக்க வேண்டும்: தன் மிச்சக் கண்ணையும் எடுத்துவிட்டால் அப்ப வேண்டிய இடம் தெரியாதே என்று, எடுப்பதற்கு முன்பே காலை ஊன்றி இடத்தை அடையாளம் வைத்தார். மிர்ரரில் ஒரு டிஸ்க் செத்த இரவு பதற்றத்தில் பெட்டியைத் திறந்து, உயிரோடிருப்பதை உருவிவிட்டுச் செத்ததை உள்ளே விட்டுவைத்தவர்கள் ஏராளம். டிஸ்க்குகளுக்கு லினக்ஸ் வைக்கும் எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயர்களை நம்பாதீர்கள், ரீஸ்டார்ட் ஆனால் அவை இடம் மாறலாம். மிர்ரரைக் கட்டும்போதே டிஸ்க்கின் சீரியல் எண் வரும் பெயரால் கட்டுங்கள். அந்த எண்ணின் கடைசி நான்கு எழுத்துகளை வெள்ளை டேப்பில் எழுதி, திறந்தவுடன் கண்ணில் படும் ஓரத்தில் ஒட்டுங்கள். காலை ஊன்ற வேண்டியதில்லை.

எல்விஎம் தின் எடுத்தவர்களுக்கு ஒரு வார்த்தை. 1 டிபி டிஸ்க்கில் (அதுவும் கம்ப்யூட்டர் கணக்கில் 931தான்) நான்கு விஎம்களுக்குத் தலைக்கு 500 ஜிபி என்று வாக்குக் கொடுக்க அது அனுமதிக்கும். ஒரே பிளாட்டை நான்கு பேருக்கு ரிஜிஸ்டர் செய்வது போலத்தான். நான்கு பேரும் ஒரே நாளில் வீடு கட்ட வராதவரை பிரச்சினை இல்லை. வந்துவிட்டால் விஎம்கள் எழுத முடியாமல் தவித்து, படிக்க மட்டும் என்ற நிலைக்குப் போய் நின்றுவிடும். அதன் மெட்டாடேட்டா பகுதி தனியாக நிரம்பினால் இன்னும் மோசம். விஎம் டிஸ்க் அமைப்பில் டிஸ்கார்டு பெட்டியை டிக் செய்து, உள்ளே வாரம் ஒருமுறை டிரிம் ஓடவிட்டால், அழித்த கோப்புகளின் இடம் திரும்பி வரும். எண்பது சதவீதம் தாண்டினால் மெயில் வரும்படி வையுங்கள். அந்த மெயிலை அனுப்பும் சேவையை அதே சர்வரில் வைக்காதீர்கள்.

எங்கே வைப்பது? வாஸ்துப்படி அக்னி மூலை என்று மாமனார் சொல்வார். தென்கிழக்கில் சமையலறை, தாளிப்பு எண்ணெய் ஃபேன் இறக்கையில் படிந்து, அதன் மேல் நெடுஞ்சாலைப் புழுதி படிந்து, வடகம் போல் ஆகும். மொட்டைமாடி ஷெட்டைப் பற்றி மே மாதத்தில் பேசுவோம். நாற்பது டிகிரி தாண்டும் ஊரில் தரையோரம், வடக்குச் சுவர், காற்று போகும் இடம். பீரோவுக்குள் வேண்டாம். கம்ப்யூட்டருக்கும் ராகு கேது பூஜை செய்யலாமா என்று கேட்காதீர்கள். செய்தாலும் எஸ்எஸ்டியின் தேய்மானக் கணக்கு பின்னோக்கி ஓடாது.

கடைசியாக பேக்கப். மிர்ரர் பேக்கப் அல்ல: தவறுதலாக அழித்தால் இரண்டிலும் ஒரே நேரத்தில் அழியும், மிகத் துல்லியமாக. ஸ்னாப்ஷாட்டும் பேக்கப் அல்ல, அது அதே டிஸ்க்கில் படுத்திருக்கிறது. இன்னொரு டிஸ்க், இன்னொரு வீடு. ரேணிகுண்டாவில் அக்கா இருந்தால் உத்தமம். பூட்டுச்சொல் போட்டு என்கிரிப்ட் செய்த யூஎஸ்பி டிஸ்க்கைத் துணிப்பையில் சுற்றிக் கொடுத்து, “போட்டோக்கா, பீரோல வைங்க, டிவில சொருகாதீங்க” என்று சொல்லிவிட்டு வாருங்கள். எப்போதாவது அதை வரவழைத்து, ஏதாவது ஒரு விஎம்மை வேறு பெயரில் ரீஸ்டோர் செய்து, உண்மையாகவே எழுந்து லாகின் கேட்கிறதா என்று பாருங்கள். எழுந்ததும் அணைத்துவிட்டுப் புது பேக்கப்பை எழுதி, திருப்பி அனுப்பும்போது, போன தடவை அக்கா வடை வைத்துக் கொடுத்த டப்பாவையும் கழுவி அதே பையில் வைத்து அனுப்பவும். அது போகவில்லையென்றால் அடுத்த முறை டிஸ்க் வராது.